கார் இல்லாமல் சேலத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்கு: ஏற்காடு ஒரு நாள் பயணம், படிப்படியாக

ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போவது கஷ்டமே இல்லை. ஆனால் பஸ்ஸில் போய், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஒரு காப்பிச் செடியைக்கூடப் பக்கத்தில் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஏரியைச் சுற்றி இருப்பது கடைகளும் பூங்காவும். காப்பி அதைத் தாண்டித்தான் இருக்கிறது. அந்த மிச்ச தூரத்தை எப்படிக் கடப்பது, கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் எப்படி இறங்குவது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தேதி குறிக்கும் முன் செடியின் கணக்கைப் பாருங்கள். ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அராபிகா வகைக் காப்பி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால், அடுத்த ஒன்பது பத்து நாளில் மொட்டெல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும். கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை போன்ற வாசம். மூன்று நான்கு நாளில் பூ வாடிவிடும். இதைக் குறிவைத்து லீவு போடுவது சூதாட்டம். மலையில் மழை பெய்த செய்தி வந்த பிறகு நாள் குறிப்பதுதான் புத்திசாலித்தனம்.

பழம் பார்க்க நவம்பர் முதல் ஜனவரி வரை. பறிப்பு, பழத்தின் தோல் நீக்குவது, காயவைப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை பலத்த மழை பெய்தால் மலைப்பாதையில் மண் சரியலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் பாதை அடைபட்டது. மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

மே மாதம் கோடை விழா. காப்பி பார்க்க அது காலமே இல்லை. பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

படி 1: சேலம் வந்து சேர்வது

சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஏற்காட்டுக்குப் போகாது. மலைக்கு ரயில் பாதையே கிடையாது. சென்னை சென்ட்ரலில் இரவில் கிளம்பி ஈரோடு போகிற வண்டி அது. விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். ஒரு நாள் பயணத்துக்கு அது வசதிதான். முகம் கழுவி, டீ குடித்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பலாம்.

ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். சேலம் டவுன் ஸ்டேஷன் வேறு. டிக்கெட் எடுக்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜங்ஷன் வாசலிலிருந்து டவுன் பஸ் ஏறி, 'புது பஸ் ஸ்டாண்ட் போகுமா' என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். வெறுமனே 'பஸ் ஸ்டாண்ட்' என்று கேட்டால் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கவேண்டி வரலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.

படி 2: பஸ்ஸில் இடம்

ஏற்காடு பஸ்ஸை அது கிளம்புகிற புது பஸ் ஸ்டாண்டிலேயே ஏறுங்கள். அஸ்தம்பட்டியிலும் கோரிமேட்டிலும் ஆள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். அடிவாரம் வரும்போது படியில்தான் இடம் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கடப்பது, முதல் தடவை போகிறவருக்கு வேண்டாத வேலை.

பஸ்ஸின் நெற்றிப் பலகையை முழுசாகப் படியுங்கள். சில பஸ் ஏற்காட்டோடு நின்றுவிடும். சில அதைத் தாண்டி நாகலூர் போன்ற மலைக் கிராமங்களுக்குப் போகும். இரண்டிலும் ஏறலாம். ஆனால் கிராமத்து பஸ்ஸில் 'கடைசி வரைக்கும் போய்ப் பார்க்கலாமே' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த பஸ்கள் பள்ளிக்கூடத்துக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களின் நேரத்தை ஒட்டி ஓடுபவை. காலையில் இறக்கிவிட்ட வண்டி சாயங்காலம்தான் திரும்பும் என்றால், நாள் முழுக்க அந்த ஊர்தான் உங்களுக்கு.

சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் ட்ரிப்பில் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 3: மலை ஏற்றம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் பஸ் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏறுகிறது. கூட்டமில்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், திறந்துகொள்ளும்.

பலருக்குப் பிரச்சினை வாந்தி. வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்வதைக் காது உணர்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையும் போனையும் பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அதனால் முன்பாதியில், ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பாருங்கள். கடைசி சீட் பின்சக்கரத்துக்கு அப்பால் இருப்பதால் வளைவில் அதிகம் வீசும். அடிவாரம் தாண்டியதும் போனைப் பையில் போடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். வழக்கமாக வாந்தி வருகிறவர்கள் மருந்துக் கடையில் கேட்டு, பஸ் கிளம்ப அரை மணி முன்பாகவே மாத்திரை போட்டுவிட வேண்டும். ஐந்தாவது வளைவில் போட்டால் மாத்திரையும் வெளியேதான் வரும்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். வளைவுக்கு வளைவு பக்கம் மாறுவதால் எல்லாருக்கும் பங்கு உண்டு.

வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். கீழே முள்ளும் மூங்கிலுமாக வறண்ட காடு. மேலே போகப் போக காற்று மாறும், நெட்டையான சில்வர் ஓக் மரங்கள் தென்படும். அந்த மரத்தைக் கண்டால் அடியில் காப்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் மீட்டரை ஒட்டி அராபிகாவுக்குப் பிடித்த குளிர் தொடங்குகிறது.

படி 4: இறங்கியதும் முதல் வேலை

ஏரி பக்கம் ஓடாதீர்கள். சேலத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தையது எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்டில் கேளுங்கள். இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணையை நம்ப வேண்டாம். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்: நீங்கள் ஏறவேண்டியது கடைசிக்கு முந்தைய பஸ். கடைசி பஸ் அவசரத்துக்கு மட்டும்.

படி 5: காப்பி இருக்கும் இடத்துக்கு நடை

எளிய வழி பகோடா முனை சாலை. ஏரிக்கரையில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் 'பகோடா பாயின்ட் எந்தப் பக்கம்' என்று கேட்டால் கை காட்டுவார்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். கொஞ்ச தூரத்தில் கடைகள் ஓய்ந்து, சாலையோரம் வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டங்கள் வரும். முனையில் கல்லைக் கல்மேல் அடுக்கிய கோபுரங்களும், நடுவில் ராமர் கோயிலும், கீழே மலைக் கிராமமும் தெரியும். இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, கேரளத்து மலையாளிகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

நடக்க முடியாதவர்கள் ஆட்டோ பேசலாம். பேசும்போது மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள்: போக, வர, காத்திருக்கும் நேரம். 'போறதுக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்டு ஏறினால், திரும்பும்போது அங்கே வேறு வண்டி இருக்காது, அவர் சொன்னதுதான் விலை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. குரங்கு: தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், ஜிப் போட்ட முதுகுப்பையில் வையுங்கள். காட்டெருமை: காலையிலும் மாலையிலும் தோட்டத்தோரம் நிற்கும். சாதுவாகத் தெரியும், ஆனால் செல்ஃபிக்கு நெருங்கினால் திரும்பும். நின்று, பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள். மழைக்காலம் என்றால் அட்டையும் உண்டு, முழுக்கால் சாக்ஸ் போடுங்கள்.

கிளியூர் அருவிக்கும் போகலாமா என்பார்கள். மழைக்குப் பிறகான சில வாரங்கள் தவிர, தண்ணீர் நூலாகத்தான் விழும். செங்குத்தாக இறங்கி ஏறவும் வேண்டும். காப்பி பார்க்க வந்த நாளில் அதைச் சேர்க்காதீர்கள்.

படி 6: தோட்டத்தில் என்ன பார்ப்பது

எஸ்டேட் எல்லாம் தனியார் சொத்து. கேட் திறந்திருக்கிறதே என்று நுழையக் கூடாது. கேட்டில் இருப்பவரிடம் 'அண்ணா, பத்து நிமிஷம் பாத்துட்டுப் போயிடறோம்' என்று கேளுங்கள். சரி என்றால் போங்கள், இல்லை என்றால் வாதாட வேண்டாம். பறிப்புக் காலத்தில் பழம் திருட்டு ஒரு தலைவலி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நிச்சயமாக உள்ளே பார்க்கவேண்டும் என்றால், தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் தங்குமிடம் ஒன்றில் முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் முதலில் மேலே பாருங்கள். காப்பி நிழலில் வளர்கிற செடி. நிழல் தருவது சில்வர் ஓக், அதன் தண்டைச் சுற்றி மிளகுக் கொடி. செடிக்குச் சொந்த ஊர் எத்தியோப்பியா, மரத்துக்கு ஆஸ்திரேலியா, கொடி மட்டும் நம்ம பக்கத்துக்காரி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தார்.

அனுமதி கேட்டு ஒரே ஒரு சிவந்த பழத்தைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் அழுத்துங்கள். தோல் பிளந்து, வழவழவென்று பசை பூசிய இரண்டு கொட்டை, தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பசையை நாக்கில் வைத்தால் இனிக்கும். காப்பியின் கசப்பு அதில் துளியும் இருக்காது. சில பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை இருக்கும். கடையில் பீபெரி என்று தனியாக விற்பது அதுதான்.

பறித்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்குவார்கள். தள்ளிப்போட்டால் பழம் சூடேறிப் புளித்து, கொட்டையில் நாற்றம் ஏறிவிடும். பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறவிட்டால் பசை கழன்றுகொள்ளும். கழுவி, களத்தில் பரப்பி, ஈரம் பத்துப் பதினொரு சதவீதம் வரும்வரை வெயிலில் காயவைப்பார்கள். நல்ல வெயில் என்றால் ஒரு வாரம், பத்து நாள். ஒரு கிலோ கொட்டைக்குச் சுமார் ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். களத்தில் செருப்புக் காலோடு ஏறாதீர்கள். அது யாரோ குடிக்கப் போகிற காப்பி.

படி 7: தூள் வாங்கும்போது

ஏற்காடு கடைகளில் 'எஸ்டேட் காப்பி' என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பி சிக்கரி எத்தனை சதவீதம் என்று படியுங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும் என்பது விதி. அதாவது கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி சரிதான். ஃபில்டர் காப்பிக்கு 80:20 நல்ல கலவை. வறுத்த தேதி கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் குடித்து முடிக்கிற அளவுக்கு, கால் கிலோ போதும்.

சந்தேகமாக இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். காப்பித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி பழுப்பு நூல் நூலாகக் கோடிழுத்துக்கொண்டு உடனே இறங்கும்.

ஜனவரிக்குப் பிறகு போனால் புது மிளகும் கிடைக்கும்.

படி 8: இறங்குவது

கடைசிக்கு முந்தைய பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் பஸ் ஸ்டாண்டில் இருங்கள். வழி நிறுத்தத்தில் கை காட்டி ஏறலாம் என்று நினைத்தால், ஞாயிறு மாலை நிரம்பிய பஸ் நிற்காமலே போகும். ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கும், ஸ்வெட்டரைப் பைக்கு அடியில் புதைத்து வைக்காதீர்கள்.

மண் சரிவோ, விழாக் கால நெரிசலோ இருந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். தூரம் கூடும், வளைவுகள் குறைவு. பஸ் வேறு பக்கம் திரும்புகிறதே என்று பதற வேண்டாம், அதுவும் சேலத்துக்குத்தான் போகிறது. ஆனால் நேரம் பிடிக்கும். இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டவர்கள், பஸ் சேலம் சேரும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷன் போகிறவர்கள் மறுபடியும் டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.