மேகாலயா குகை, மலைன்னு கிளம்புறீங்களா? உங்க வாட்சை நம்பாதீங்க

போன டிசம்பர்ல டிர்னா கிராமத்துல படிக்கட்டு ஆரம்பிக்குற இடத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தோம், விடியக்காலையில கீழ போயிட்டு அப்பதான் மேல ஏறி வந்திருந்தோம். மணி ஒன்னரை இருக்கும். ஒரு டெம்போ டிராவலர் வந்து நின்னுச்சு, ஏழெட்டு பசங்க இறங்கினாங்க, இறங்கும்போதே "மச்சி, இங்கதான்டா அந்த வேர் பாலம், ரெண்டு மணி நேரத்துல போயிட்டு வந்துடலாம்"னு ஒருத்தன் சொல்றான், கால்ல ரப்பர் செருப்பு. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தைக் கலக்கவும் செஞ்சுது. ஏன்னா 2014ல அதே இடத்துல, அதே மாசம், கிட்டத்தட்ட அதே நேரத்துல அதே டயலாக்க நானும் சொல்லியிருக்கேன்.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட வருஷா வருஷம் திருப்பூர்ல இருந்து ஒரு செட்டைக் கூட்டிட்டு போறேன். ரெயின்கோட் எடுங்க, நல்ல ஷூ போடுங்க, கொஞ்சம் காசு கையில வச்சுக்கோங்க, இதெல்லாம் யார் வேணா சொல்லுவாங்க, நான் சொல்லப் போறதில்ல. விஷயம் தெரிஞ்சவங்களே திரும்பத் திரும்ப மாட்டுற தப்புங்க மட்டும் இங்க.

நம்ம ஊர் மணிக்கணக்க அங்க கொண்டு போறது

இதைத்தான் நீட்டி சொல்லப்போறேன், இன்னிக்கும் எனக்கு எரிச்சல் ஆறாத தப்பு இதுதான்.

இந்தியா முழுக்க ஒரே டைம். ஆனா சூரியனுக்கு அது தெரியாதுல்ல? சென்னைக்கும் சோஹ்ராவுக்கும் (நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அதே சிரபுஞ்சிதான், அந்த ஊர்க்காரங்க சோஹ்ரான்னு சொல்வாங்க) கிழக்கு மேற்கா பதினோரு டிகிரிக்கு மேல வித்தியாசம், டிகிரிக்கு நாலு நிமிஷம்னு போட்டாலே முக்கா மணி நேரம் ஆச்சு. அது போக வடக்க போகப் போக குளிர்காலத்துல பகலே சுருங்கிடும். ரெண்டும் சேர்ந்து என்ன ஆகுதுன்னா, சென்னையில டிசம்பர்ல அஞ்சே முக்காலுக்கு சூரியன் மறையுதுன்னா அங்க நாலரைக்கே மறைஞ்சிடுது. அதுவும் மேட்டுல நிக்குறவனுக்கு. பள்ளத்தாக்குக்குள்ள இருக்கிறவனுக்கு மூணு மணியிலயே நிழல் விழுந்து குளிர ஆரம்பிச்சுடும். ஜூன்ல நேர் எதிர், காலையில நாலரைக்கே விடிஞ்சு கிடக்கும். பக்கத்து அசாம்ல டீ எஸ்டேட்டுக்காரங்க இதுக்காகவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சு வேலை பாக்குறாங்க, பாகான் டைம்னு அதுக்கு பேரு. தோட்டத்துல வேலை செய்யுறவங்களுக்கு புரிஞ்சது ஐடியில வேலை பாக்குற எனக்கு புரியல.

2014 கதைக்கு வர்றேன். அஞ்சு பேர். காலையில எட்டு மணிக்கு எழுந்து, குளிருதுன்னு இன்னும் ஒரு மணி நேரம் போர்வைக்குள்ள இருந்து, பூரி சாப்பிட்டு, நோஹ்கலிகாய் அருவி பாத்து, மவ்ஸ்மாய் குகைக்குள்ள போய் ஆளுக்கு நாப்பது போட்டோ எடுத்துட்டு டிர்னா வந்து சேரும்போது பன்னெண்டே முக்கால். நோங்ரியாத் ரெட்டை அடுக்கு வேர் பாலத்துக்கு அங்கிருந்து படியில இறங்கணும், மொத்தம் மூவாயிரத்துக்கு மேல. "அலிபிரியில இருந்து 3550 படி ஏறினவன்டா நானு"ன்னு எங்க செட்டுல ஒருத்தன் மார் தட்டுனான். திருப்பதியில ஏறிட்டு மேல பஸ் புடிச்சு வந்துடலாம்ங்கறத யாரும் யோசிக்கல. இங்க முதல்ல இறக்கம். தெம்பா இருக்கும்போது இறங்கிடுவோம், முட்டி ஆடிப்போனதுக்கு அப்புறம் ஏறணும்.

பாலத்துக்கு போகும்போது ரெண்டரை. அந்த அழகை பத்தி நான் சொல்லியாகணும், ரப்பர் மரத்தோட வேர் (சீமை ரப்பர் இல்ல, ஆல் அரச மரத்து ஜாதி), அதை காசி ஜனங்க (வாரணாசி காசி இல்ல, அந்த மலையோட பழங்குடி மக்கள்) வருஷக்கணக்கா பாக்கு மரத் துண்டுக்குள்ள விட்டு அக்கரைக்கு இழுத்துட்டு போய் ஊனி வளத்திருக்காங்க, ஒரு பாலம் ஆள் தாங்குற பக்குவத்துக்கு வரவே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுமாம். அதுக்கு மேலயே இன்னொன்னு. அந்த குட்டையில குளிச்சோம், மேகி சாப்பிட்டோம், கிளம்பும்போது மூணரை. யாருக்கும் பதட்டமே இல்ல, ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும்னு மனசுல ஒரு கணக்கு.

ரெண்டாவது கம்பிப் பாலத்துல நடந்துட்டு இருக்கும்போது காலுக்கு கீழ ஆறு தெரியல, சத்தம் மட்டும் வருது. மணி பாத்தா அஞ்சுகூட ஆகல. அங்கிருந்து மேல வர்ற வரைக்கும் போன் டார்ச்தான். பாசி புடிச்ச படி, ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், நடுவுல பாக்கு மட்டை விழுந்து கிடக்குது, அதுல கால் வச்சு மார் தட்டுனவன் முட்டியைத் திருப்பிக்கிட்டான். ரெண்டு பேர் தோள்ல போட்டு, பத்து படிக்கு ஒருக்கா உக்காந்து உக்காந்து மேல வரும்போது எட்டேகால். எங்களைத் தாண்டி ஒரு பாட்டி போச்சு, நெத்தியில பட்டையை மாட்டி முதுகுல கூடை, கூடை நெறைய விறகு, வாயில வெத்தலை பாக்கு, டார்ச்சும் இல்ல ஒன்னும் இல்ல. எங்களைப் பாத்து சிரிச்சுட்டு போயிட்டே இருந்துச்சு.

செலவு? ஷில்லாங்ல காசு கட்டி வச்ச ரூம் போச்சு, ராத்திரி பனியில வண்டி எடுக்க மாட்டேன்னுட்டார் டிரைவர், அவர் சொன்னது நியாயம்தான். சோஹ்ராவுலயே கிடைச்ச ரூம்ல தங்கி, மறுநாள் வீங்குன முட்டியை டாக்டர்கிட்ட காட்டிட்டு கவுஹாத்தி போறதுக்குள்ள ஃப்ளைட்டு கிளம்பிடுச்சு. அஞ்சு டிக்கெட் புதுசா. எல்லாம் கூட்டினா நாப்பத்தோராயிரம், ஒரு மணி நேரம் போர்வைக்குள்ள படுத்ததுக்கு.

அதனால நான் இப்ப செய்யுறது: டிர்னா போற நாள்ல வேற எந்த இடமும் கிடையாது. காலையில ஆறரைக்கு முதல் படியில கால் வைக்கணும், பாலத்தை விட்டு பன்னெண்டு மணிக்கு கிளம்பிடணும், பாலத்தைத் தாண்டி ரெயின்போ அருவி வரைக்கும் போகணும்னா அன்னிக்கு நோங்ரியாத்லயே ஹோம்ஸ்டேல தங்கல். மேப்ல காட்டுற கிலோமீட்டரைப் பாத்து நேரம் போடாதீங்க, அது படியை எண்ணாது. காசி பெரியவங்க அந்தக் காலத்துல தூரத்தை "எத்தனை க்வாய்"னு சொல்வாங்களாம், க்வாய்ன்னா வெத்தலை பாக்கு, எத்தனை தடவை போட்டு மெல்லுறதுக்குள்ள போய் சேரலாம்ங்கற கணக்கு. மேப்பை விட அது எவ்வளவோ மேல்.

எல்லா குகையும் மவ்ஸ்மாய்ன்னு நெனைக்குறது

மவ்ஸ்மாய்ல லைட்டு போட்டிருக்காங்க, சுத்திப் பாக்குற பகுதி 150 மீட்டர் சொச்சம், ரெண்டு மூணு இடத்துல குனிஞ்சு உடம்பை ஒடுக்கணும் அவ்வளவுதான். அதை முடிச்சுட்டு வெளிய வந்த தைரியத்துல "அடுத்து க்ரெம் மவ்ம்லூ போலாம்"னு கிளம்புறாங்க. க்ரெம்னா காசி மொழியில குகை. மவ்ம்லூ ஏழு கிலோமீட்டருக்கு மேல போகுது, லைட்டு கிடையாது, உள்ள தண்ணியில நடக்கணும், ஹெல்மெட்டும் நெத்தி லைட்டும் உள்ளூர் கைடும் இல்லாம வாசலைத் தாண்டவே கூடாது. இன்னும் சில பேர் யூடியூப் பாத்துட்டு க்ரெம் பூரி கேக்குறாங்க. அது 2018ல அளந்த, இருபத்துநாலரை கிலோமீட்டர் மணற்பாறை குகை, உள்ள கிளை கிளையா பிரியுது, ஆராய்ச்சிக்காரங்க போற இடம். டிக்கெட் கவுன்டர் தேடாதீங்க.

நெத்தி லைட்டுன்னு சொன்னேன்ல, ஆளுக்கு ஒன்னு, கூட ஒரு ஸ்பேர். போன் டார்ச் புடிச்சா ஒரு கை போச்சு, குகைக்குள்ள ரெண்டு கையும் வேணும்.

அருவியும் குகையும் ஒரே ட்ரிப்புல கேக்குறது

சோஹ்ராவுல வருஷத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, சென்னைக்கு சுமார் 1,400. இந்த மழை சுண்ணாம்புப் பாறையைக் கரைச்சு கரைச்சுதான் அந்தக் குகைங்களே உண்டாச்சு. ஆனா கொட்டுறது பெரும்பாலும் மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும்தான், குளிர்காலத்துல அதே ஊர்ல குடிதண்ணிக்கு குடம் தூக்கிட்டு நடக்குறத நானே பாத்திருக்கேன். டிசம்பர்ல வந்தா குகை நல்லா இருக்கும், 340 மீட்டர் நோஹ்கலிகாய் நூல் மாதிரி தொங்கும், செவன் சிஸ்டர்ஸ் அருவிப் பக்கம் வெறும் பாறை. ஜூலையில வந்தா அருவி ஆளை அடிக்கும், ஆனா பனிமூட்டம் மனசு வச்சாத்தான் கண்ணுல படும், ஆத்துத் தண்ணி ஓடுற குகைப் பக்கம் போகவே கூடாது, வெளிய தூறல்னு தெரியறதுக்குள்ள உள்ள மட்டம் ஏறிடும். குகைகளை அளக்குற குழுங்க பிப்ரவரி மாதிரி காஞ்ச மாசத்துல போறது இதனாலதான். ரெண்டும் வேணும்னா அக்டோபர் கடைசி, அதுலயும் ரெண்டும் பாதி பாதிதான்.

தொட்டுப் பாக்குறது

மேல இருந்து தொங்குற சுண்ணாம்புக் கூம்பை புடிச்சு செல்ஃபி எடுக்காதீங்க. நம்ம கை எண்ணெய் பட்ட இடத்துல சுண்ணாம்பு ஒட்டாது, வளர்ச்சி நின்னுபோய் கறுத்துடும். மவ்ம்லூவுல தரையில இருந்து வளந்த ஒரு கூம்போட அடுக்கை ஆராய்ஞ்சுதான் 4,200 வருஷத்துக்கு முன்னாடி மழை பொய்ச்சுப் போன காலத்தைக் கண்டுபுடிச்சாங்க, 2018ல பூமியோட வரலாத்துல கடைசி காலகட்டத்துக்கு மேகாலயன் யுகம்னு பேரே வச்சாங்க. நம்மாளு அந்த ஊர் குகையில "பிரியா ஐ லவ் யூ"ன்னு கீறி வச்சிருக்கான், அதுவும் தமிழ்ல.

மவ்ஃப்லாங் காட்டுல இருந்து எதையாவது எடுத்துட்டு வர்றது

ஒரு இலைகூட வேணாம். நம்ம ஊர் கோயில்காடு மாதிரிதான், காவல் தெய்வம் குடியிருக்குற காடு, காய்ஞ்ச சுள்ளியைக்கூட அந்த ஊர்க்காரங்க தொட மாட்டாங்க. உள்ளூர் கைடோட போங்க. எங்க செட்டுல ஒரு அக்கா ஆசையா ஒரு பைன் காய் மாதிரி எதையோ பொறுக்கி பையில போட்டுச்சு, கைடு பையன் ஒன்னும் பேசல, கையை மட்டும் நீட்டிட்டு நின்னான். திருப்பி வாங்கி எடுத்த இடத்துலயே வச்சுட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வச்சான்.

நாலு நாள்ல காரோ மலையையும் சேக்குறது

முடியாது. சீஜு வவ்வால் குகை, நோக்ரெக், பால்பக்ரம் எல்லாம் மாநிலத்தோட அந்தக் கோடி. ஷில்லாங்ல இருந்து போறதுக்கே ஒரு முழு நாள் ரோட்டுல. அது தனி ட்ரிப்.

ஞாயித்துக்கிழமை

எல்லாரும் சர்ச்சுல இருப்பாங்க, பெரும்பாலான கடை மூடியிருக்கும், ஷேர் சுமோவும் அரிது. பிஸ்கட்டு, பேட்டரி எல்லாம் சனிக்கிழமையே.

அந்த ரப்பர் செருப்பு பசங்ககிட்ட இதுல பாதியை நின்னு சொன்னேன். "ப்ரோ, நாங்க வெள்ளியங்கிரியே ஏறுன ஆளுங்க"ன்னாங்க. என்கிட்ட இருந்த ஸ்பேர் நெத்தி லைட்டைக் கொடுத்தேன், டீக்கடை அக்காகிட்ட வச்சுட்டு போங்கன்னு சொல்லி. மறுநாள் மத்தியானம் அந்தப் பக்கம் வந்தப்போ அக்கா எடுத்துக் குடுத்துச்சு, பேட்டரி சுத்தமா தீந்து இருந்துச்சு.