ஆல்கானின் கடலோரப் பாட்டைப் பியானோவில் பயில்வது எப்படி?

பிரெஞ்சுப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ஷார்ல் வாலந்தான் ஆல்கான் (1813–1888) பாரிஸில் இசையமைப்பாளர் ஷோப்பானுக்கு அண்டைவீட்டுக்காரர், நண்பர். ஆல்கான் இறந்தபின் அவருடைய இசையைத் தொடர்ந்து வாசித்தவர்கள் மிகச் சிலரே. இன்று அவரைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் 1857-இல் வெளியான ஓபஸ் (படைப்பு எண்) 39 பயிற்சிகளில் கைவைத்து, சில பக்கங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். தேர்ந்த கலைஞர்களையே திணறடிக்கும் இசை அது. 1847-இல் வெளியான ஓபஸ் 31 பிரெலூடுகளில் (சிறு தனி இசைத்துண்டுகளில்) தொடங்குங்கள். மொத்தம் 25. அவற்றில் 8-வது, ‘கடலோரப் பித்துப்பெண்ணின் பாட்டு’, மெதுவானது, மனதை உலுக்குவது. ஸ்வரத்தாள் ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும்.

தாள், கருவி: பதிப்புரிமை முடிந்துவிட்டதால் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் தாள் இலவசம். 88 கட்டை கட்டாயம் வேண்டும். இடது கை அடிமட்டத்திலேயே கிடப்பதால் 61 கட்டை கீபோர்டு எட்டாது.

பென்சில் வேலை: இந்தப் பாட்டு ஏ ஃப்ளாட் மைனரில் இருக்கிறது; அதில் ஏழு ஸ்வரமும் ஃப்ளாட் (அரைப்படி தாழ்ந்தது). தவறு நடப்பது இரண்டு இடத்தில்: சி ஃப்ளாட் என்றால் பி கட்டை, எஃப் ஃப்ளாட் என்றால் இ கட்டை. இரண்டும் வெள்ளைக் கட்டைகள். வரும் இடமெல்லாம் வட்டமிடுங்கள். ஜி-க்கு முன் நேச்சுரல் குறி (ஃப்ளாட்டை நீக்குவது) வந்தால் அது அந்தப் பார் (தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முடியும் வரைதான்.

இடது கை: நாளுக்கு நான்கு பார், பாதி வேகத்தில், பெடல் இல்லாமல். தாழ்ந்த ஸ்வரங்கள் நெருக்கமாக ஒலித்தால் அவற்றின் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். ஆல்கான் வாசித்த எரார் பியானோவில் தந்திகள் குறுக்கிடாமல் நேராக ஓடியதால் பாஸ் தெளிவாக இருந்தது. இன்றைய பியானோவில் அந்தத் தெளிவை நாம்தான் கொண்டுவர வேண்டும். விரலைக் கட்டையை விட்டு எடுக்காமல் அழுத்துங்கள்; கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாறும்போதெல்லாம் பெடலை மாற்றுங்கள். பெடலைப் பாதி மட்டும் அழுத்தும் அரைப்பெடல் இன்னும் நல்லது. ஆனால் மலிவான டிஜிட்டல் பெடலுக்கு அது தெரியாது. அதில் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

வலது கை: பாட்டு உயரத்தில் தனியாக நிற்கிறது. அங்கே தந்தி குட்டை, ஒலி சீக்கிரம் மடியும். ஆகவே இடது கையைவிட ஒரு படி ஓங்கி, ஒட்டி ஒட்டி வாசியுங்கள். நடுவில் வேகமும் ஓசையும் ஏறும்போது இரு கையும் ஒன்றாக ஏறக் கூடாது. பாட்டு முன்னே, அலையான இடது கை பின்னே.

கடைசியில் போனில் பதிவு செய்து கேளுங்கள், ஹெட்போனில். போன் ஸ்பீக்கரில் அந்த பாஸ் வராது. இடது கை சரியாகத்தான் இருக்கிறது என்று ஏமாந்துவிடுவீர்கள்.