கோவால்ஸ்கி: போலந்துக் குடும்பப்பெயரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்தில் சாமானியக் குடிமகனைக் குறிக்க 'யான் கோவால்ஸ்கி' என்று சொல்வது வழக்கம். அதனாலேயே, அந்நாட்டில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் இதுதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். முதலிடம் நோவாக் என்ற பெயருக்குத்தான். சுமார் 2 லட்சம் பேர். கோவால்ஸ்கி இரண்டாவது, ஏறத்தாழ 1.4 லட்சம்.

அந்த எண்ணிக்கையை எடுப்பதிலும் கவனம் வேண்டும். 'ஸ்கி' என்று முடியும் பெயர் பெண்களுக்கு 'ஸ்கா' ஆகிவிடும். அண்ணன் கோவால்ஸ்கி என்றால் தங்கை கோவால்ஸ்கா. மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொடோவ்ஸ்கா. அவருடைய அப்பா ஸ்க்வொடோவ்ஸ்கி. அரசின் மக்கள் பதிவேட்டிலிருந்து வரும் பட்டியல்களில் இவை இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். நோவாக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது இருபாலாருக்கும் ஒன்றுதான். அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களிலோ பெண்களும் பெரும்பாலும் கோவால்ஸ்கி என்றே எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அடுத்த தவறு: 'ஸ்கி' என்றாலே பிரபு வம்சம் என்று நம்புவது. இந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டார்னூவ் என்ற ஊரை ஆண்ட குடும்பம் டார்னோவ்ஸ்கி ஆனதுபோல, இந்த விகுதி முதலில் நிலவுடைமைப் பிரபுக்களிடம்தான் பரவியது. ஆனால் பிறகு விவசாயிகளும் நகரத்தாரும் யூதர்களும் அதே வடிவில் பெயர் கொண்டார்கள். கோவால் என்றால் கொல்லர். கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கு வந்த பெயராகவும் இருக்கலாம். கோவால், கோவாலே போன்ற பெயருள்ள ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். கொல்லுப்பட்டறை இல்லாத வட்டாரம் ஏது? எனவே இந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது. ஒரே பெயர் என்பதால் இருவர் உறவினர் ஆகிவிட மாட்டார்கள்.

இணையத்தில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று விற்கும் படத்தை வாங்கி மாட்டுவதும் இதனால்தான் வீண். போலந்தில் ஒரே சின்னத்தை உறவே இல்லாத பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. ஒரே பெயருள்ள வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு சின்னம் வைத்திருந்தன. பெயரை மட்டும் வைத்துச் சின்னத்தைச் சொல்ல வழியே இல்லை.

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையும் நிறைய உலவுகிறது. அவர்கள் கப்பல் நிறுவனம் தந்த பயணிகள் பட்டியலைப் பார்த்துத்தான் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றம் பெரும்பாலும் பிற்பாடு, அந்தந்தக் குடும்பத்தார் செய்துகொண்டது.

அப்புறம், போலிஷ் எழுத்தில் மட்டும் தேடாதீர்கள். 1795 முதல் 1918 வரை போலந்து தனி நாடாக இல்லை. ரஷ்யா, பிரஷ்யா (அன்றைய ஜெர்மானிய அரசு), ஆஸ்திரியா மூன்றும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வார்சா வட்டாரப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 1868-இலிருந்து ரஷ்ய மொழியில் இருக்கும். ஆஸ்திரியா பக்கம் லத்தீன், பிரஷ்யா பக்கம் ஜெர்மன் அல்லது லத்தீன். நோவாக் என்ற பெயரையே ஜெர்மன் எழுத்தர் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார். முன்னோரின் கிராமத்தையும் அது சேர்ந்த தேவாலயப் பங்கையும் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) முதலில் கண்டுபிடியுங்கள்; கோவால்ஸ்கி என்று நாடு முழுக்கத் தேடுவது அதற்குப் பிறகு தேவைப்படாமலே போகலாம்.