ஆடிக் காற்றில் மிக் வெல்டிங்: கேஸைக் கூட்டாதீர்கள்
பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆடிக் காற்றில் வெளியே மிக் வெல்டிங் (கம்பி தானாக வர, கேஸ் மூடிக் காக்கும் வெல்டிங்) வைப்பவர்கள் கேஸைக் கூட்டாமல், மேற்குப் பக்கம் ஒரு தகரத்தைச் சாயாதபடி கட்டி நிறுத்துங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, உருகிய இரும்பை மூடி நிற்கும் கேஸைத் தள்ளிவிடும். அப்புறம் வெல்டு முழுக்க ஊசித் துளைதான். நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் போதும். ரொம்பத் திறந்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும், சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும். நான்கு பக்கமும் மட்டும் அடைத்துவிடாதீர்கள்: அந்தக் கேஸில் உள்ள கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து.

கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் கோர் கம்பி (உள்ளே மருந்துப் பொடி அடைத்த கம்பி) என்றால் தகரம் தேவைப்படாது. ஆனால் அதற்கு டார்ச் பெரும்பாலும் மெஷினின் மைனஸ் முனையில் இருக்க வேண்டும்; கம்பிச் சுருளின் அட்டையைப் பார்த்து, மெஷினை அணைத்த பிறகே இணைப்பை மாற்றுங்கள்.