சேலத்திலிருந்து சுகாதாரக் கல்வி படிக்க அமெரிக்கா போனவர்களுக்கு

ஆகஸ்டு பிறந்தால் சேலம், ஆத்தூர், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து யாராவது எம்.பி.ஹெச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு படிக்க அமெரிக்காவில் போய் இறங்குகிறார்கள். நர்சிங், பிசியோதெரபி, பல் மருத்துவம் முடித்தவர்கள்தான் அதிகம். அதில் சுகாதாரக் கல்விப் பிரிவை எடுத்தவர்களிடம் “கை கழுவச் சொல்லிக்கொடுக்கிற படிப்பா?” என்று உறவுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். படித்து முடித்து அஸ்தம்பட்டிக்கே திரும்பிவிட்ட என்னிடமும் இன்னும் கேட்கிறார்கள். அதை விடுங்கள், வேலையைப் பார்ப்போம்.

போனதும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்யுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் நண்பர் வீட்டு சோபா, அடுத்த மாதம் வேறு வீடு என்று இருக்கும்போது இது மறந்துபோகும்.

அடுத்தது தடுப்பூசிச் சான்று. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசிக்கு ஆதாரமும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கும். நம் ஊரில் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுவிடுவதால், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் நோய் இல்லாமலே கை வீங்கி ‘பாசிட்டிவ்’ வரலாம். பிறகு எக்ஸ்ரே, விளக்கம் என்று அலைய வேண்டியிருக்கும். எனவே பி.சி.ஜி. போட்டிருப்பதை முதலிலேயே சொல்லி, இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பி.சி.ஜி.யால் அதன் முடிவு மாறாது. சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் பதற வேண்டாம். எம்.எம்.ஆர். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்பதையும் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

அசல் மதிப்பெண் சான்று இன்னும் போய்ச் சேராதவர்கள் அடுத்த செமஸ்டர் பதிவு நிற்பதற்குள் முடித்துவிடுங்கள். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமோ, சென்னையில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ, உங்களுக்காக அலைய வீட்டில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து வைப்பது நல்லது. அப்புறம், அடுத்த முறை அம்மா பெட்டியில் குண்டு மாம்பழம் வைத்தால் எடுத்துவிடுங்கள். விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

இனி படிப்பு. பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சீஃப் (CEPH) என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஹெச். என்றால் குறைந்தது 42 கிரெடிட். செஸ் (CHES) என்ற சுகாதாரக் கல்வியாளர் சான்றிதழ்த் தேர்வு எழுத, அந்தத் துறைப் பாடங்களில் மட்டும் 25 கிரெடிட் வேண்டும். முதல் செமஸ்டரிலேயே ஆலோசகரிடம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கடைசியில் ஒரு பாடம் குறைந்து நிற்பதைவிடக் கடுப்பானது எதுவுமில்லை. பல்கலைக்கழகம் விசாவுக்காகக் கொடுத்த ஐ-20 படிவத்தில் உங்கள் பிரிவுக்குப் போட்டிருக்கும் சி.ஐ.பி. எண்ணையும், அதாவது பாடப்பிரிவுக் குறியீட்டையும், பாருங்கள். அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்தைய 12 மாத வேலை அனுமதியான ஓ.பி.டி.க்கு மேல் இன்னொரு 24 மாதம் கிடைக்கும். எபிடெமியாலஜி (நோய்ப் பரவலியல்) எடுத்த அறைத்தோழருக்குக் கிடைப்பது உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

வகுப்பில் பேசினால்தான் மதிப்பெண். நம் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தைவிட, ‘நம் ஊர்க் கதை இங்கே எதற்கு’ என்ற கூச்சம்தான் பெரிய தடை. ஆனால் இந்தத் துறையே அப்படிப்பட்ட கதையில் தொடங்கியதுதான். 1950களில் காசநோய் எக்ஸ்ரேயை இலவசமாக, வீட்டுப் பக்கத்திலேயே எடுத்தும் அமெரிக்க மக்கள் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோஸன்ஸ்டாக் போன்ற உளவியலாளர்கள் யோசித்ததிலிருந்துதான் நீங்கள் முதல் மாதமே படிக்கப்போகும் ‘ஹெல்த் பிலீஃப் மாடல்’ என்ற சுகாதார நம்பிக்கைக் கோட்பாடு வந்தது. நம் சேலத்தில் 1992இல், வேண்டாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. தொட்டில் வைப்பது ஒரு வேலை, பெண் குழந்தை வேண்டாம் என்று ஒரு வீடு ஏன் நினைக்கிறது என்று கேட்பது வேறு வேலை. இரண்டாவதுதான் உங்கள் பாடம். கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் ஒரு கிராம சுகாதார செவிலியர் காபித் தோட்டத்து அக்கா ஒருவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். “புரிஞ்சுதாங்க்கா?” என்று அவர் கேட்கவே இல்லை; கேட்டால் “புரிஞ்சுதுங்க” என்றுதானே பதில் வரும். “நாளைக்கு எப்படிப் போடுவீங்க, காட்டுங்க பார்க்கலாம்” என்றார். அந்த அக்கா மாத்திரையை வாயில் போடுவதுபோல் காட்டிவிட்டு, பக்கத்திலிருந்த வரக்காப்பி டம்ளரைத் தூக்கினார். “அதான், அங்கதான் தப்பு. காப்பியோட போட்டா சத்து உடம்புல ஏறாது. மாத்திரைக்குத் தண்ணி, காப்பி அப்புறமா” என்று சிரித்தார் செவிலியர். அமெரிக்கப் பாடத்தில் டீச்-பேக் என்று வருவது இதுதான். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் போய் அதைப் படித்ததில்லை.

களப்பயிற்சி எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவில் வளாகத்துக்கு வெளியே செய்வதென்றால், சம்பளம் இல்லாவிட்டாலும் சி.பி.டி. (படிக்கும்போதே பயிற்சி வேலை செய்ய அனுமதி) வேண்டுமா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே கால் வையுங்கள். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் அதே படிப்புக்கான ஓ.பி.டி. போய்விடும்.

துறை சம்மதித்தால் கோடை விடுமுறையில் சேலத்திலேயே செய்யலாம். என் கட்சி அதுதான். வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி, மலைக்கிராமம் என்று இங்கே இல்லாத களம் இல்லை. ஆய்வாகச் செய்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார மாவட்ட சுகாதார அலுவலரிடம் கடிதம் கொடுக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கிளம்புமுன் ஐ-20இல் பயணக் கையெழுத்தைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ஏற்காட்டுக்குப் போவதாக இருந்தால் மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும், உங்களோடு உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரமிருக்காது.