வீ ரிமோட்டை லைட் கன் ஆக்கி மேமில் சுடுவது எப்படி?

பழைய ஆர்கேடு துப்பாக்கி ஆட்டங்களை மவுஸ் வைத்து ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? குறி தப்பவே தப்பாது, பத்து நிமிடத்தில் சலித்தும் போகும். கையை நீட்டிச் சுட்டால்தான் அது ஆட்டம். பரணில் கிடந்த நிண்டெண்டோ வீ ரிமோட்டைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, ஒருவழியாக ஆபரேஷன் வுல்ஃப் என்ற பழைய துப்பாக்கி ஆட்டத்தைக் கணினியில் ஓட வைத்துவிட்டேன். முதல் ஞாயிறு ஏன் பாழானது என்பதுதான் இந்தப் பதிவில் முக்கியமான பகுதி.

ஆர்கேடு ஆட்டங்களைக் கணினியில் ஓட வைக்கும் மென்பொருள்தான் மேம். அதை நிறுவுவது, ஆட்டக் கோப்பை எந்த ஃபோல்டரில் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கோப்பு, அதாவது ரோம், எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ரிமோட் எப்படிக் குறி பார்க்கிறது

அந்தக் காலத்து லைட் கன்னுக்குள் ஒளியை உணரும் ஒரு கண் இருக்கும். பிக்சர் டியூப் டிவியில் திரை மின்னுவதையும் படம் வரி வரியாக வரையப்படுவதையும் வைத்து அது குறியைக் கண்டுபிடித்தது. எல்சிடி திரை அப்படி வரைவதில்லை, அதனால் பழைய துப்பாக்கி அங்கே செல்லாக்காசு.

2006-இல் வந்த வீ ரிமோட்டின் வழி வேறு. அதன் மூக்கில் கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஓர் அகச்சிவப்பு கேமரா இருக்கிறது. டிவி மேல் வைக்கும் 'சென்சார் பார்' பெயருக்குத்தான் சென்சார். அது எதையும் உணர்வதில்லை, இரு முனைகளிலும் எல்இடி எரிவதோடு சரி. அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளையும் பார்த்துத் தான் எங்கே நீட்டப்பட்டிருக்கிறோம் என்று ரிமோட்தான் கணக்குப் போடுகிறது. இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும், நானே செய்து பார்த்தேன். வீட்டில் திட்டு விழுந்தது தனிக் கதை.

என்ன வாங்குவது

மேஃப்ளாஷ் டால்பின்பார். யோசிக்கவே வேண்டாம். எல்இடி, புளூடூத் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன, யுஎஸ்பியில் செருகினால் கணினிக்கு ரிமோட் மவுஸாகத் தெரியும். பொத்தானை அழுத்தி முறையை மாற்றிக்கொள்ளலாம். 4-வது முறை, வீ ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் டால்பின் எமுலேட்டருக்கானது, அதில் விட்டால் மவுஸ் முள் அசையாது. அதைப் பார்த்து ரிமோட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

காசைச் சேமிக்க நினைப்பவர்கள் யுஎஸ்பி சென்சார் பார், கணினியின் புளூடூத், டச்மோட் மென்பொருள் மூன்றையும் வைத்துச் சமாளிக்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ரிமோட்டை இணைக்கும்போது விண்டோஸ் ஒரு குறியீட்டு எண் கேட்கும். 0000, 1234 என்று எதைப் போட்டாலும் ஏற்காது. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். பேட்டரி மூடிக்குக் கீழே இருக்கும் சிவப்பு சிங்க் பொத்தானை அழுத்தி, நீல விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும்போதே இதை முடிக்க வேண்டும். மலிவாக வாங்கிய ஒரு புளூடூத் டாங்கிள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகுதான் டால்பின்பாருக்கு மாறினேன்.

பார் எரிகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள், லேசான ஊதா நிறப் புள்ளிகள் தெரிந்தால் சரி. பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

மேம் அமைப்பு

மேம்.ஐஎன்ஐ கோப்பை நோட்பேடில் திறங்கள். 'லைட்கன்' என்ற வரியில் 0 இருக்கும், அதை 1 ஆக்குங்கள். 'மவுஸ்' என்ற வரி 0-ஆகவே இருக்கட்டும். இரண்டையும் 1 ஆக்கினால் ஒரே அசைவை மேம் இரண்டு கருவிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும், குறி நழுவி நழுவி ஓடும்.

அடுத்து 'லைட்கன்புரொவைடர்'. விண்டோஸில் முதலில் ராஇன்புட் போட்டுப் பாருங்கள். குறி அசையவே இல்லை என்றால் வின்32 என்று மாற்றுங்கள். வின்32-இல் விண்டோஸின் மவுஸ் முள் எங்கே போகிறதோ அங்கே குறி போகும். ஒருவர் மட்டும் ஆட அதுவே போதும். இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் ராஇன்புட்தான் வழி, ஏனென்றால் விண்டோஸுக்கு இருப்பது ஒரே ஒரு முள்.

'ஆஃப்ஸ்கிரீன் ரீலோடு' வரியையும் 1 ஆக்கிவிடுங்கள். திரைக்கு வெளியே சுட்டுக் குண்டு நிரப்பும் ஆட்டங்களில் இரண்டாவது பொத்தானே அந்த வேலையைச் செய்துவிடும். ரிமோட்டின் அடியிலுள்ள பி பொத்தான் விசை, கட்டைவிரலுக்கு வரும் ஏ பொத்தான் ரீலோடு. வேறு மாதிரி வைத்தால் கை ஒத்துழைக்காது.

முதல் ஞாயிறு பாழான இடம்

லெத்தல் என்ஃபோர்சர்ஸ் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டத்தில் குறி அழகாக அசைந்தது. அதே அமைப்போடு ஆபரேஷன் வுல்ஃபைத் திறந்தேன், குறி கல்லு மாதிரி நின்றது. பேட்டரியை மாற்றினேன், மேமை அழித்து மறுபடி நிறுவினேன், ஐஎன்ஐ கோப்பைப் பத்து முறை படித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் 1987-இலேயே இருந்தது. டைட்டோவின் அந்த இயந்திரத்தில் இருந்த ஊஸி துப்பாக்கி லைட் கன்னே அல்ல. அது பெட்டியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. அதை இப்படியும் அப்படியும் திருப்பும்போது உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் (ரேடியோவின் ஒலிக் குமிழ் மாதிரி, திருப்பிய அளவைச் சொல்லும் பாகம்) சுழலும், அவ்வளவுதான். உருவம் துப்பாக்கி, உள்ளே ஜாய்ஸ்டிக். மேமும் அதை 'ஏடி ஸ்டிக்', அதாவது அனலாக் ஜாய்ஸ்டிக், என்றே வைத்திருக்கிறது. 1991-இல் மிட்வே வெளியிட்ட டெர்மினேட்டர் 2 ஆட்டமும் இதே சாதி.

இந்த ஆட்டங்களுக்குக் கையால் ஒதுக்கீடு செய்ய வேண்டும். ஆட்டம் ஓடும்போது டேப் விசையை அழுத்தி, இன்புட் அமைப்புகளில் 'இந்த சிஸ்டம்' என்று இருக்கும் பட்டியலுக்குள் போங்கள். ஏடி ஸ்டிக் எக்ஸ் வரியில் என்டர் தட்டிவிட்டு, ரிமோட்டை இடவலமாக மட்டும் ஒரு வீச்சு வீசுங்கள். வரியில் கன் 1 எக்ஸ் என்று வந்தால் சரி. கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒய் என்று பதிந்துவிடும், எனக்கு மூன்று முறை அப்படித்தான் ஆனது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு வீசினால் நேராக வரும். பிறகு ஏடி ஸ்டிக் ஒய்-க்கு மேலும் கீழுமாக.

இப்போது குறி அசையும், ஆனால் திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டத்தைத் தாண்டாது. அதே மெனுவில் அனலாக் பகுதிக்குப் போய் 'சென்சிட்டிவிட்டி'யை 100 ஆக்குங்கள். குறி நான்கு மூலைக்கும் போகும். எனக்கு இந்த ஒற்றை எண்ணைக் கண்டுபிடிக்க ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது.

டெர்மினேட்டர் 2 போன்றவற்றில் ஆட்டத்துக்குள்ளேயும் துப்பாக்கியைச் சீரமைக்கச் சொல்லும். எஃப்2 அழுத்திச் சர்வீஸ் மெனுவில் செய்யலாம். அது என்விராம் ஃபோல்டரில் சேமிக்கப்படும், இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்

இரண்டே புள்ளிகளை வைத்துக் கணக்கிடுவதால், ரிமோட்டின் நுனிக்கு நேரே குண்டு பாயாது. ஓர் இடத்தில் நின்று பழகிய குறி, இரண்டடி தள்ளி நின்றால் மாறும். அதனால் திரையில் தெரியும் குறிச் சின்னத்தை அணைக்காதீர்கள் என்பேன். உண்மையான குறி வேண்டுமென்றால் நான்கு எல்இடி வைக்கும் கன்4ஐஆர், அல்லது திரையைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டுக் கேமராவால் பார்க்கும் சிண்டன் இருக்கின்றன. விலையைப் பார்த்துவிட்டு நான் ரிமோட்டுக்கே திரும்பிவிட்டேன்.

பின்சேர்க்கை 1: மூலைகளுக்குப் போனால் குறி காணாமல் போகிறது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். எல்லோருமே மேசையில் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஆடுகிறவர்கள். ரிமோட்டின் பார்வை குறுகலானது. கிட்டே இருந்துகொண்டு கீழ் மூலைக்குத் திருப்பினால் மேலே இருக்கும் பார் அதன் கண்ணுக்கே படாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு இரண்டு மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள்.

பின்சேர்க்கை 2: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மட்டும் குறி துள்ளுகிறது என்றார் ஒருவர். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் சாமி படம், அதன் முன்னால் ஏற்றிய விளக்கு. ரிமோட்டுக்கு அது மூன்றாவது எல்இடி. விளக்கை நகர்த்த வேண்டாம், டிவியை நகர்த்துங்கள்.