பக் நாயா, பிரெஞ்ச் புல்டாக்கா: மூச்சைக் கேட்டு முடிவெடுங்கள்

பக், பிரெஞ்ச் புல்டாக் ஆகிய இரண்டு தட்டை முக நாயினங்களில் எதை வாங்குவது என்று தயங்குவோர், குட்டியின் முக அழகில் மயங்காமல், அதன் தாயை மூன்று நிமிடம் மெல்லோட்டமாக ஓட்டிச் சென்று, நின்றவுடன் அதன் மூச்சொலியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தட்டை முகத்துக்காக இவற்றின் மண்டையோடு குறுகிய அளவுக்கு உள்ளிருக்கும் மென்மையான அண்ணம் (வாயின் மேற்கூரையின் பின்பக்கச் சதை) குறுகவில்லை என்பதால், படுத்திருக்கும்போது வெளியே தெரியாத மூச்சடைப்பு, ஓடி நின்றதும் குறட்டை போன்ற கரகரப்பாக வெளிப்பட்டுவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் நாயினப் பதிவு அமைப்பான கென்னல் கிளப்பும் 2019-இல் தொடங்கிய சுவாசத் தரப் பரிசோதனையிலும் இதே மூன்று நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டுத்தான் 0 முதல் 3 வரை தரம் வழங்குகிறார்கள். 0 என்றால் அடைப்பின் அறிகுறி இல்லை. குட்டியின் மூக்குத் துளைகளையும் அருகில் குனிந்து பாருங்கள்: அவை வெறும் கீறலாக ஒடுங்கியிருந்தால், எந்த இனமானாலும் அந்தக் குட்டி வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரு வயது நிறையாத நாய்க்கு இந்தச் சோதனை பொருந்தாது. குட்டிக்குப் பெற்றோரைத்தான் பார்க்க வேண்டும். வெயில் நேரத்திலோ, சும்மா இருக்கும்போதே இரைக்கும் நாயையோ ஓட்டவே கூடாது.